மிசூரி இதழியல் பள்ளியில் செய்தியாளராகச் சேரப் போகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எதற்குத் தயாராவது

அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, போகலாமா, போனால் முதல் வருடத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. விண்ணப்பம், கட்டணம், விடுதி எல்லாம் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே கிடைக்கும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அங்கே ஒரு செய்தியாளரை எப்படித் தயார் செய்கிறார்கள், அதற்கு நீங்கள் என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கொலம்பியா என்றதும் நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் புகழ்பெற்ற இதழியல் பள்ளி ஒன்று இருக்கிறது, ஜோசப் புலிட்சர் கொடுத்த பணத்தில் 1912-இல் தொடங்கியது. நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை. மிசூரி மாநிலத்தின் நடுவில், செயின்ட் லூயிஸுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் இடையே, கொலம்பியா என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,26,000. அந்த ஊரில்தான் மிசூரி பல்கலைக்கழகம். இதழியலுக்கென்று தனிப் பள்ளியை அமெரிக்காவில் முதலில் தொடங்கியதும் அதுதான், 1908-இல்.

தொடங்கிய விதத்தைத் தெரிந்துகொண்டால் பாடத்திட்டமே புரிந்துவிடும். வால்டர் வில்லியம்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர்தான் முதல் டீன். சின்ன வயதிலேயே அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், கல்லூரிப் படிப்பு கிடையாது, பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகவும் ஆனார். 1908 செப்டம்பர் 14-ஆம் தேதி வகுப்பு தொடங்கியது. அதே நாளில் மாணவர்கள் தயாரித்த பத்திரிகையின் முதல் இதழும் வெளிவந்துவிட்டது. பாடம் நடத்தி முடித்துவிட்டு அப்புறம் எழுத விடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான், இதைத்தான் 'மிசூரி முறை' என்கிறார்கள். அன்றைய பத்திரிகை இப்போது 'கொலம்பியா மிசூரியன்' என்ற பெயரில் வருகிறது. கல்லூரிச் செய்திகளை மட்டும் போடும் மாணவர் இதழ் என்று இதை நினைத்துவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் படிக்கிற ஊர்ப் பத்திரிகை, அதை எழுதுகிறவர்கள் மாணவர்கள், மேலே உட்கார்ந்து திருத்துகிறவர்கள் அனுபவமுள்ள பத்திரிகையாளர்கள், அவர்களே உங்களுக்கு ஆசிரியர்களும்.

இதன் விளைவு என்னவென்று சேரும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாக ஒரு வகுப்பில் தவறாக எழுதினால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இங்கே நீங்கள் ஒருவரின் பெயரை வழக்கு விவரத்தில் மாற்றி எழுதிவிட்டால், அந்தப் பெயருள்ளவர் மறுநாள் காலை தன் அலுவலகத்துக்குப் போய்த் தலைகுனிந்து நிற்பார். நீங்கள் இரண்டு வருடத்தில் ஊரைவிட்டுப் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருக்கப் போகிறவர். இந்தப் பொறுப்பு பிடிக்கிறது என்றால் இந்தப் பள்ளியைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து குறைவு. பயமாக இருக்கிறது என்றால் அதுவும் நல்லதுதான், பயம் இருப்பவர்கள்தான் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கிறார்கள்.

படி 1: விமானம் ஏறும் முன் ஊரைப் படியுங்கள்

சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் கடைசி வரை உங்களுக்கு நேரம் இருக்கும். அதில் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட கொலம்பியா ஊரின் செய்திகளைத் தினமும் படியுங்கள். மிசூரியனையும், ஊரின் இன்னொரு பத்திரிகையான 'கொலம்பியா டெய்லி டிரிப்யூன்'-ஐயும் சேர்த்துப் படியுங்கள், ஒரே கூட்டத்தை இருவரும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கேபிஐஏ வானொலியை இணையத்தில் கேட்கலாம். இங்கிருந்தே காதைப் பழக்கிக்கொள்ள அது ரொம்ப உதவும், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலம் நாம் சினிமாவில் கேட்டுப் பழகிய ஆங்கிலம் இல்லை.

கூடவே ஊர் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியா நகர மன்றத்தில் ஏழு பேர்: ஒரு மேயர், ஆறு வார்டுகளுக்கு ஒவ்வொருவர். ஆனால் அன்றாட நிர்வாகம் மேயர் கையில் இல்லை, மன்றம் நியமிக்கும் நகர மேலாளரிடம் இருக்கிறது. மேயர் என்றால் எல்லா அதிகாரமும் அவரிடம்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்பார்கள். ஊரைச் சுற்றியிருப்பது பூன் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), அதற்குத் தனி நிர்வாகம், தனி ஷெரிஃப், அதாவது கவுன்டியின் போலீஸ் தலைவர். பள்ளிக்கூடங்களுக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம். எந்தப் பிரச்சினை யாருடையது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கார் ஓட்டத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். ஊரில் பேருந்து உண்டு, ஆனால் ராத்திரி கூட்டம் முடிந்து வரும்போதோ ஊருக்கு வெளியே விபத்து நடந்த இடத்துக்குப் போகும்போதோ அதை நம்பி இருக்க முடியாது. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே நன்றாகவே இறங்கும், அந்தக் குளிரில் வெளியே நின்று பேட்டி எடுக்கிற வேலை இது.

படி 2: அடிப்படை வகுப்பில் அவசரப்படாதீர்கள்

முதல் பருவத்தில் செய்தி எழுதும் அடிப்படை வகுப்புகள் இருக்கும். லீட், அதாவது செய்தியின் தொடக்க வரியை எழுதுவது, ஏபி செய்தி நிறுவனம் வகுத்த நடையில் எண்களையும் பதவிகளையும் சுருக்கங்களையும் எழுதும் விதம், மேற்கோளை எங்கே வைப்பது, ஒருவர் சொன்னதை யார் சொன்னது என்று குறிப்பிடும் முறை இவையெல்லாம். ஏற்கெனவே தமிழ்ப் பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம் போலத் தோன்றும். ஆனால் நடை வேறு. நம் பத்திரிகைகளில் 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்று எழுதிவிட்டுப் போக முடிகிறது, அங்கே அந்த வாக்கியத்தைப் பார்த்த உடனே ஆசிரியர் 'கூறியது யார்' என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியமே போய்விடும். இந்த ஒரு பழக்கத்தை முதல் மாதத்திலேயே மாற்றிக்கொண்டால் பின்னால் நிறையத் தலைவலி மிச்சம்.

பெயரைக் கேட்டவுடன் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்மித் என்றாலும் கேளுங்கள், ஒரே மாதிரி ஒலிக்கிற பெயரை நாலு விதமாக எழுதுகிற ஊர் அது. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

படி 3: செய்தி அறைக்குள் போனதும் உங்கள் பீட்டை (உங்களுக்கென்று ஒதுக்கும் செய்தித் துறையை) காலால் அளந்து பாருங்கள்

அடிப்படை வகுப்புகள் முடிந்ததும் ரிப்போர்ட்டிங் வகுப்பு. அந்தப் பருவம் முழுக்க உங்கள் வகுப்பறை மிசூரியனின் செய்தி அறைதான். நகர நிர்வாகம், கல்வி, போலீஸ் மற்றும் பாதுகாப்பு, சுகாதாரம், விளையாட்டு, மாநில அரசு என்று பீட் பிரித்துத் தருவார்கள். விளையாட்டுக்குப் போட்டி அதிகம், பல்கலைக்கழகத்தின் மிசூரி டைகர்ஸ் அணிக்கு அந்த ஊரில் அவ்வளவு ரசிகர்கள். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். என் கருத்தில் புதிதாக வருகிறவருக்கு நகர நிர்வாகமும் கல்வியும்தான் நல்ல பீட், ஏனென்றால் அங்கே ஆவணம் உண்டு, கூட்டம் உண்டு, தேதி உண்டு, உச்சரிப்புத் தடுமாற்றம் இருந்தாலும் முன்கூட்டியே படித்துத் தயாராகிக்கொண்டு போகலாம்.

நகர மன்றக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் முதல் மற்றும் மூன்றாவது திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு நடப்பது வழக்கம். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். ஒவ்வொரு தலைப்புக்கும் பின்னால் அதிகாரிகள் எழுதிய குறிப்பு, வரைபடம், செலவு மதிப்பீடு எல்லாம் இணைத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கலாம், எல்லாவற்றையும் படிக்க முடியாது. எதைப் படிப்பது? இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஒரே ஓட்டில் மொத்தமாக நிறைவேற்றப்படும் தீர்மானங்களின் பட்டியல். விவாதமே இல்லாமல் போகிற இடம் அது, அதனால்தான் அதில் ஒரு சாலை ஒப்பந்தமோ போலீசுக்கு வாங்கும் கருவியோ யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, முதல் வாசிப்புக்கு வருகிற மசோதாக்கள். ஒரு கூட்டத்தில் அறிமுகம் செய்து அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடத்துவதுதான் வழக்கமான நடைமுறை. ஓட்டெடுப்பு முடிந்த பிறகு எழுதினால் நடந்ததைச் சொல்கிறீர்கள். அறிமுகமான மறுநாளே எழுதினால், அதனால் பாதிக்கப்படப் போகிறவர்களுக்கு அடுத்த கூட்டத்துக்கு வந்து பேச இரண்டு வாரம் கிடைக்கிறது. ஊர்ப் பத்திரிகை இருப்பதே இந்த இரண்டு வாரத்துக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய், வந்திருக்கும் பொதுமக்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேளுங்கள். வேலைநாள் ராத்திரியில் வீட்டை விட்டுவிட்டு நகர மன்றத்துக்கு வருகிறவர் சும்மா வரமாட்டார். அவர் பேசி முடித்ததும் எழுந்து வெளியே போவார், நீங்களும் எழுந்து போங்கள். மேடையில் மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை நடைபாதையில் பத்து நிமிடம் சொல்வார். உள்ளே நடப்பதைத் தவறவிட்டுவிடுவோமே என்று பயப்பட வேண்டாம், கூட்டத்தின் வீடியோ பதிவு இருக்கும், அந்த மனிதரைத்தான் திரும்பப் பிடிக்க முடியாது.

அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது 'நான் மாணவன்' என்று தொடங்காதீர்கள். 'நான் மிசூரியன் செய்தியாளர்' என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்கூட. மாணவன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஏதோ வீட்டுப்பாடத்துக்கு உதவுவதாக நினைத்துப் பேசிவிடுவார், மறுநாள் அது அச்சில் வந்ததும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

படி 4: ஆவணம் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மிசூரியில் 'சன்ஷைன் சட்டம்' என்று ஒன்று இருக்கிறது, 1973-இல் வந்தது. அரசு அமைப்புகளின் கூட்டமும் ஆவணமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கூட்டம் என்றால் 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். கதவை மூடிக்கொண்டு பேசலாம், ஆனால் வழக்கு, நிலம் வாங்குவது, ஊழியர் விவகாரம் என்று சட்டத்தில் சொல்லியிருக்கும் காரணங்களுக்குள் அது வர வேண்டும், எந்தப் பிரிவின் கீழ் மூடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆவணம் கேட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆவணமே வந்துவிடும் என்று அர்த்தமில்லை, தாமதமாகும் என்றால் காரணத்தையும் எப்போது கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டத்தின் 30 நாள் காத்திருப்புக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

கடிதம் எழுதும்போது செய்ய வேண்டியவை எளிமைதான். சன்ஷைன் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எதற்கு வேண்டும் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. 'போலீஸ் செலவு விவரங்கள் அனைத்தும்' என்று கேட்டால் தேடும் நேரத்துக்கே பெரிய பில் வரும். அதற்குப் பதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகை ஆவணம், எந்தப் பிரிவிடம் இருக்கிறது என்று குறுக்கிக் கேளுங்கள். கட்டணம் உண்டென்றால் முதலில் மதிப்பீடு தரச் சொல்லுங்கள், பொதுநலன் கருதி தள்ளுபடி செய்யும்படியும் கேட்கலாம். கணினியில் இருக்கும் தரவை எக்செல் கோப்பாகவே கேளுங்கள், பிடிஎஃப்பாக வாங்கினால் அதைத் தட்டச்சு செய்வதிலேயே வாரம் போய்விடும்.

நீதிமன்ற விவரங்களுக்குக் கடிதமே வேண்டாம். மாநில நீதிமன்றங்களின் 'கேஸ்நெட்' தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், பிறந்த வருடமும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒருவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்று எழுதவே கூடாது.

இந்த விஷயத்தில் ஆர்வம் வந்துவிட்டால் அந்த வளாகத்திலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. புலனாய்வுச் செய்தியாளர்களின் சங்கமான ஐஆர்இ, 1975-இல் தொடங்கியது, அதன் தலைமையகம் இந்தப் பள்ளியில்தான். தரவுகளை வைத்துச் செய்தி எடுப்பதை அமெரிக்கா முழுவதிலும் இருந்து வரும் செய்தியாளர்களுக்குக் கற்றுத் தருகிறவர்கள் அவர்கள். மாணவராக இருக்கும்போதே அங்கே போய் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள்.

படி 5: எழுதி முடித்ததும் திரும்ப அழையுங்கள்

மிசூரியனில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இதுதான். ஸ்டோரியைத் திருத்துகிற டெஸ்க்குக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட முடியாது. அச்சேறும் முன் நீங்கள் பேட்டி எடுத்தவர்களைத் திரும்ப அழைத்து, அவர்களைப் பற்றி எழுதியிருக்கும் தகவலையும் அவர்கள் சொன்னதாகப் போட்டிருக்கும் மேற்கோளையும் சரிபார்க்க வேண்டும். பல பெரிய பத்திரிகைகள் இதைச் செய்வதில்லை, செய்யக் கூடாது என்றே சொல்பவர்களும் உண்டு. சொன்னவர் பயந்துபோய்ப் பின்வாங்குவார், வார்த்தையை மாற்றச் சொல்வார், அலுவலகத்திலிருந்து அழுத்தம் வரும் என்பது அவர்கள் வாதம். அந்த ஆபத்து இருப்பது உண்மைதான். ஆனாலும் கற்றுக்கொள்கிற ஒருவர் கையில் ஒரு முழு ஊரின் பெயரும் இருக்கும்போது இந்த ஒரு அழைப்பு தடுக்கிற தவறுகள் மிக அதிகம்.

நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் பிஃப்டீன், பிஃப்டி இரண்டும் தொலைபேசியில் ஒரே மாதிரி கேட்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பதினைந்து வருடமாக ஓட்டுகிறேன் என்றதை ஐம்பது என்று எழுதினால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நகராட்சி வரி பதினைந்து டாலரா ஐம்பது டாலரா என்பதில் அப்படிப் போக முடியாது. எண் வந்தாலே 'ஒன்று, ஐந்து, சரியா?' என்று இலக்கமாகத் திரும்பச் சொல்லிக் கேளுங்கள்.

அழைக்கும்போது எப்படிப் பேசுவது என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். 'கட்டுரையில் உங்களைப் பற்றி வரும் தகவல் சரியா என்று பார்க்க அழைக்கிறேன், தவறு இருந்தால் திருத்துகிறேன்' என்று தொடங்குங்கள். அவர் 'நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள்' என்றால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள், முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரியும் சொல்லாதீர்கள். 'தகவல் தவறா, இல்லை சொன்னதைப் பற்றி யோசிக்கிறீர்களா?' என்று கேளுங்கள். தகவல் தவறென்றால் திருத்துங்கள். மற்றது என்றால் 'என் ஆசிரியரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே போய்ப் பேசுங்கள். உங்களுக்கு வகுப்பெடுப்பவரே பக்கத்து மேசையில் இருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும்.

படி 6: பொது ஷிஃப்ட்டை ஒதுக்காதீர்கள்

பீட் வேலையோடு, செய்தி அறையில் உட்கார்ந்து வருகிற அழைப்புகளைப் பார்க்கும் ஷிஃப்ட்டும் வரும். தீ விபத்து, சாலை மூடல், வானிலை எச்சரிக்கை, சின்னச் சின்ன அறிவிப்பு. பலர் இதைத் தண்டனை மாதிரி நினைப்பார்கள். ஆனால் மிசூரியனில் ஊரில் இறந்துபோன சாதாரண மனிதர்களைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. ஆசிரியராக இருந்தவர், கடை வைத்திருந்தவர், பால் பண்ணை நடத்தியவர் என்று. ஒரு செய்தியாளருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பேன்.

துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை நேராக அழைப்பதற்குப் பதில் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனம் மூலம் கேட்டுவிட்டு அழைப்பது நல்லது. முதலில் இரங்கலைச் சொல்லுங்கள், யார், எதற்காக அழைக்கிறேன் என்பதைச் சொல்லுங்கள், இப்போது பேச முடியாவிட்டால் பரவாயில்லை என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் பேசுவார்கள். பிறந்த தேதி, வேலை பார்த்த இடம் இதையெல்லாம் கேட்ட பிறகு, 'காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்?' என்று கேளுங்கள். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் நல்லவர், அன்பானவர் என்றுதான் பதில் வரும், யாரைப் பற்றியும் அதை எழுதிவிடலாம். காலையில் என்ன செய்வார் என்று கேட்டால் ஓர் ஆள் தெரிய ஆரம்பிப்பார்.

படி 7: கேமராவா மைக்கா என்று முடிவு செய்யும் முன் இரண்டையும் பாருங்கள்

தொலைக்காட்சிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு கோமு இருக்கிறது, எட்டாவது சேனல். 1953 டிசம்பரிலிருந்து ஒளிபரப்பாகும் நிலையம், என்பிசி என்ற தேசியத் தொலைக்காட்சி நிறுவனத்தோடு இணைந்தது, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். விளம்பரம் வாங்கி நடத்தும் வணிக நிலையம், அதன் செய்திப் பிரிவில் மாணவர்கள் களத்துக்குப் போகிறார்கள். ஒரே ஆளாக கேமரா தூக்கி, படம் எடுத்து, பேட்டி எடுத்து, எடிட் செய்து ஆறு மணி செய்திக்குக் கொடுக்கும் வேலை. எங்கள் ஊரில் கேமராமேன் வருவாரே என்று கேட்காதீர்கள், முக்காலியை நீங்கள்தான் தூக்க வேண்டும். வானொலிக்கு கேபிஐஏ, மேகசின் நடைக்கு 'வாக்ஸ்' என்ற இதழ்.

படம் எடுப்பவர்கள் மிசூரி ஃபோட்டோ வொர்க்‌ஷாப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் கற்பித்த கிளிஃப் ஈடமும் அவர் மனைவி வை ஈடமும் 1949-இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றுக்குப் போய் ஒரு வாரம் அங்கே தங்கிக் கதை தேட வேண்டும். கதை இதுதான் என்று ஆசிரியர்களிடம் சொல்லி அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை அதைப் படமெடுக்க முடியாது. ஒப்புக்கொண்ட பிறகும் மொத்தம் 400 படம்தான், எடுத்ததை அழிக்கவும் கூடாது. கைபேசியில் ஒரு மதிய உணவுக்கே ஐம்பது படம் எடுக்கிற காலத்தில் இந்தக் கட்டுப்பாடு கண்ணை எப்படி மாற்றுகிறது என்பதை, அதில் சேராவிட்டாலும், நீங்களே ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம்.

மாநில அரசியல் வேண்டுமென்றால் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டி தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். சட்டமன்றம் ஜனவரியில் தொடங்கி மே நடுவில் முடியும், கீழவையில் 163 பேர், மேலவையில் 34 பேர். கூட்டத்தொடரின் கடைசி இரண்டு வாரம் தூக்கம் இருக்காது, அந்தப் பருவத்தில் கடினமான வேறு பாடம் எதையும் எடுத்துவிடாதீர்கள்.

படி 8: பள்ளியின் வரலாற்றில் கசப்பான பக்கத்தையும் படியுங்கள்

வால்டர் வில்லியம்ஸ் 1914 வாக்கில் எழுதிய பத்திரிகையாளர் உறுதிமொழி பள்ளியில் எங்கும் கண்ணில் படும், வாஷிங்டனில் நேஷனல் பிரஸ் கிளப்பிலும் அதை வெண்கலத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். பொதுமக்களின் நம்பிக்கையைச் சுமப்பது பத்திரிகை, மனதார உண்மை என்று நம்புவதை மட்டுமே எழுத வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். நல்ல வார்த்தைகள்தான்.

அதே பள்ளி 1939-இல் லூசில் ப்ளூஃபோர்ட் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரைத் திருப்பி அனுப்பியது. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர், கான்சஸ் சிட்டியின் 'தி கால்' பத்திரிகையில் வேலை பார்த்தவர், முதுகலைக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்தது. பதிவு செய்ய நேரில் வந்தபோது நிறத்தைப் பார்த்து மறுத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பின் கறுப்பினத்தவருக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் தனியாக ஓர் இதழியல் பள்ளியைத் திறந்தார்கள், மிசூரியில் இதழியல் முதுகலைப் படிப்பையே சிறிது காலம் நிறுத்தினார்கள், அவரைச் சேர்க்கவில்லை. ப்ளூஃபோர்ட் 'தி கால்' பத்திரிகையின் ஆசிரியராகிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அதே பல்கலைக்கழகம் 1989-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வெளியிலிருந்து வருகிற நம்மைப் போன்றவர்கள் இந்தப் பெயரைத் தெரியாமல் அந்தப் பள்ளிக்குள் நுழையக் கூடாது.

2015 நவம்பரில் அங்கே நடந்ததையும் படியுங்கள். இனப் பாகுபாட்டை எதிர்த்து மாணவர்கள் வளாகப் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள், பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் பதவி விலகினார். அந்த நாளில், படம் எடுக்க வந்த ஒரு மாணவப் புகைப்படக்காரரைக் கூட்டம் தடுத்து வெளியே தள்ளியது. உங்களுக்குப் போராட உரிமை கொடுக்கிற அதே அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம்தான் எனக்குப் படம் எடுக்கவும் உரிமை கொடுக்கிறது என்று அவர் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே நின்றார். மறுநாள் போராட்டக்காரர்களே செய்தியாளர்களை வரவேற்று நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்த வீடியோவைப் பாருங்கள். ஊடகம் தங்களைத் தவறாகக் காட்டும் என்று மக்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு என்பதும், பொது இடத்தில் உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல் நிற்பது எப்படி என்பதும் இரண்டுமே அதில் தெரியும்.

படி 9: முடிக்கும் முன் காகித வேலை

முதுகலையின் கடைசியில் ஆய்வேடு எழுதலாம் அல்லது ஒரு செய்தி நிறுவனத்தில் இருந்து தொழில்முறைத் திட்டம் செய்யலாம். செய்தியாளராகப் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தம், வாஷிங்டனில் இருந்து செய்யவும் வழி இருக்கிறது. பைலைனோடு, அதாவது உங்கள் பெயர் போட்டு வந்த ஸ்டோரிகளை அவ்வப்போது பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள், இணைப்பு மட்டும் போதும் என்று விட்டுவிட்டால் தளம் மாறும்போது போய்விடும். வேலைக்கு அனுப்பும்போது நன்றாக எழுதியது என்று நீங்கள் நினைப்பதைவிட, ஏதாவது ஒன்றை மாற்றிய ஸ்டோரியை முதலில் வையுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் சம்பளம் வரும் எந்த இன்டர்ன்ஷிப்புக்கும் ஒப்புக்கொள்ளும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள், செய்தி ஆசிரியர் சரி என்று சொல்வது குடியேற்ற விதிக்குப் போதாது. படிப்பு முடிந்த பின் ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், வேலை இல்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. சிறிய ஊர்ப் பத்திரிகைகளும் உள்ளூர் நிலையங்களும் ஆளெடுக்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதனால் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே அனுப்ப ஆரம்பித்துவிடுங்கள். அப்போது செய்தி அறையில் நீங்கள் எழுதியதைத் திருத்திய ஆசிரியர் யாராவது ஒருவரிடம் போய், எந்தப் பத்திரிகைக்கு உங்களை அனுப்பத் தயங்க மாட்டார் என்று நேராகவே கேளுங்கள், அவர்களுக்கு ஆள் தெரியும்.